சேதாரம்

முப்பத்தெட்டாயிரம்.
அன்றைய விலைக்கு, செவ்வாய்ப்பேட்டையில்
அரைக் கிலோவுக்கு மேலே வெள்ளி வரும்.
உருக்கினாலும் அது வெள்ளிதான்.
நான் வாங்கியது பதினான்கடி கார்பன் கோல்,
பத்து பேரிங் ஓடும் ஜப்பான் ரீல்,
தலைமுடியை விட மெல்லிசாய்
எருமையை இழுக்கும் என்று எழுதியிருந்த நூல்.
ஒன்பது மாதத் தவணை.

பார்சல் கொண்டுவந்த பையன்
நீளத்தைப் பார்த்துக் கேட்டான்,
"பந்தல் கம்புங்களாண்ணா?"
ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.
கடலில்லாத ஊரில்
இதற்கு மேல் எப்படி விளக்குவது.

சனிக்கிழமை இரவு, புது பஸ் ஸ்டாண்டு.
கடலூர் பஸ்ஸில் கண்டக்டர்
கோலுக்கும் அரை டிக்கெட் கேட்டார்.
குணாளனின் தூண்டிலுக்குக் கேட்கவில்லை.
அது அறுநூறு ரூபாய்,
மடக்கினால் டிபன் பைக்குள் போய்விடும்.
அம்மாப்பேட்டையில் தறி ரிப்பேர் பார்க்கிறவன்,
எதையும் மடக்கத் தெரிந்தவன்.

விடியற்காலை, கல் கொட்டிய கரை.
என் வீச்சு
அலை உடையும் இடத்தைத் தாண்டி
படகுகளைத் தாண்டி
எங்கோ போய் விழுந்தது.
எனக்கே கை தட்டத் தோன்றியது.
குணாளன் தன் காலடிப் பாறை இடுக்கில்
உயிர் இறாலை இறக்கிவிட்டு
பீடி பற்றவைத்தான்.
ஒன்பது மணிக்குள் அவனுக்கு மூன்று கிழங்கான்.
எனக்கு, இருட்டில் ஒளிரும் என்று
நானூற்றைம்பது கொடுத்து வாங்கிய ரப்பர் இறால்
பத்திரமாகத் திரும்பி வந்தது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்.
உப்பு தின்று மூன்றாம் மாதம்
அவன் ரீல் இறுகிப்போனது.
இன்னொன்று வாங்கினான். அதுவும் போனது.
இப்போது நடப்பது ஐந்தாவது.
என்னுடையது இன்றைக்கும்
எண்ணெய் விட்ட கதவு மாதிரி சுற்றுகிறது.
சுற்றுவதற்கு மறுமுனையில்
ஏதாவது இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

ஒருநாள் மாற்றிப் பிடித்துப் பார்த்தோம்.
கோல் அவனிடம், அறுநூறு என்னிடம்.
இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று
இருவரும் உள்ளுக்குள் நினைத்தோம்.
மாலைவரை இருவருக்கும் ஒன்றுமில்லை.
தண்ணீர் கலங்கிக் கிடந்தது.
திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில்
டீ மட்டும் வாங்கிக் குடித்தோம்,
பேசவில்லை.

பதினோராம் பயணத்தில் மாட்டியது
ஒரே ஒரு கொடுவாக்குட்டி.
கொலுசு நிறுக்கிற தராசில்தான்
வாசுகி அதை வைத்தாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
சலங்கை கோத்துக்கொண்டிருந்த கை நிற்காமல்
வாய்க்கணக்காகவே சொன்னாள்:
"கிராம் அறுபத்திரண்டு.
வெள்ளி இன்னிக்கு எழுபத்தினாலு.
பரவால்ல, மலிவாத்தான் வாங்கியிருக்கீங்க."
பஸ் டிக்கெட்டை அவள் சேர்க்கவில்லை.
அந்தப் பெருந்தன்மையோடு
குழம்பு வைத்தாள்.

எங்கள் பட்டறையில்
தரை கூட்டிய மண்ணைக்கூட விற்போம்.
கழுவி உருக்கினால்
அதிலும் கொஞ்சம் வெள்ளி தேறும்.
அரம் தேய்த்தது, ஊதியது, சிதறியது,
எல்லாச் சேதாரத்துக்கும் கணக்கு உண்டு.
பாறையில் சும்மா நின்ற காலைகளை
எந்தத் தண்ணீரில் கழுவுவது?
கழுவினால் என்ன வரும்?
கொஞ்சம் உப்பு வரலாம்.
குணாளன் பாடிய அரைகுறைப் பாட்டு வரலாம்.
தொழில் பேச்சு எழாத நாலு மணி நேரம்
அடியில் மினுங்கலாம்.
அது எத்தனை டச்சு என்று
உரைத்துப் பார்க்கக் கல் இல்லை.

கோலை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
அது விற்றது தூரம். நான் கேட்டது மீன்.

இப்போதெல்லாம் வேலை முடிந்த இரவில்
மொட்டை மாடிக்குக் கொண்டுபோகிறேன்.
வடக்கே ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒரு லாரி விளக்கு
வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டிருக்கிறது.
முள் கட்டாமல் ஈயக்குண்டு மட்டும் கட்டி
அந்தப் பக்கமாக வீசுகிறேன்.
நூல் பிரிகிற சத்தம்
சின்னதாய், நீளமாய், நிற்காமல்.

நாலு வீடு தாண்டி
யாருடைய தண்ணீர்த் தொட்டியிலோ
டங் என்றது.
"யார்றா அது?" என்று குரல்.
அவசரமாகச் சுற்றுகிறேன்.
பத்து பேரிங்கும் வேலை செய்கின்றன.